பழைய கேரவன் வேனில் இசியூ, வயரிங் கோளாறுகள்: குமரி மாவட்ட வண்டிகளுக்கு முழுமையான வழிகாட்டி

பழைய டூரிஸ்ட் வேனை வாங்கி, பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் சிங்க்கும் ஃபிரிட்ஜும் வைத்துக் கேரவனாக மாற்றும் ஆசை நம் மாவட்டத்திலும் வந்துவிட்டது. நல்ல ஆசைதான். கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை பிஎஸ் 3, பிஎஸ் 4 (வண்டிப் புகைக்கான அரசு விதிகள்) காலத்து காமன் ரெயில் டீசல் வண்டிகள், அதாவது ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டருக்கும் டீசல் போகும் வகை. பிஎஸ் 3 நாடு முழுக்க 2010இல் வந்தது, பிஎஸ் 4 2017 ஏப்ரலில், பிஎஸ் 6 2020 ஏப்ரலில். அதாவது இந்த வண்டிகளின் வயரிங் பல மழைக்காலங்களைப் பார்த்துவிட்டது. அதன் மேல் கேரவனுக்காகப் புது வயரிங் வேறு ஏறியிருக்கும்.

இப்படிப்பட்ட வண்டி ஒருநாள் ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஏற்றத்தில் இழுக்காமல் நின்றுவிடும். யாராவது ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு "இசியூ போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். இசியூ என்பது என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. பல ஆயிரம் ரூபாய் செலவு. ஆட்டோ எலக்ட்ரிக் வேலை செய்பவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: நம் ஊரில் இசியூ சாவது அபூர்வம். சாவது அதற்குப் போகும் வயரும், கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் எர்த்தும், வயர்களைச் செருகிச் சேர்க்கும் கப்ளரும்தான். சரியான வரிசையில் தேடினால் ஒரு மல்டிமீட்டரே முக்கால்வாசிக் கோளாறைக் காட்டிக் கொடுத்துவிடும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் ஏன் இது அதிகம்

முதல் காரணம் உப்புக்காற்று. கன்னியாகுமரி, மணவாளக்குறிச்சி, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் என்று கடலை ஒட்டி நிற்கும் வண்டியில் செம்புக் கம்பி பச்சை பூக்கும். வெளியே தெரிந்தால் பரவாயில்லை. இன்சுலேஷனுக்கு உள்ளேயே களிம்பு ஊர்ந்து போய்விடும். வயர் வெளியே புதிதாக இருக்கும், உள்ளே கறுத்த தூளாக இருக்கும்.

இரண்டாவது, நமக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்குப் பருவம் தொடங்கி, அது ஓய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவம் வந்துவிடுகிறது. கப்ளருக்குள் போன ஈரம் காய நேரம் கிடைப்பதில்லை. குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்து நிழலில் நிற்கும் வண்டிக்குக் கடல் இல்லாவிட்டாலும் ஈரம் குறைவில்லை.

அப்புறம் எலி. தென்னந்தோப்பிலோ விறகுப்புரை ஓரத்திலோ வாரக்கணக்கில் நிற்கும் கேரவன் எலிக்குக் கிடைத்த வீடு. கடைசிக் காரணம் மனிதக் கை: ரிவர்ஸ் கேமரா, ஏர் ஹாரன், ஜிபிஎஸ், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் கிடைத்த வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள்.

வண்டிக்குள் என்ன நடக்கிறது

பழைய பம்ப் வண்டியில் டீசல் பம்ப் தன் பாட்டுக்கு அடிக்கும், தள்ளிவிட்டாலும் ஓடும். காமன் ரெயிலில் அப்படி இல்லை. கிராங்க் சென்சார் சொன்னால்தான் என்ஜின் சுற்றுவதே இசியூவுக்குத் தெரியும். கேம் சென்சார் எந்த சிலிண்டர் என்று சொல்லும். ரெயில் பிரஷர் சென்சார் அழுத்தத்தைச் சொல்லும். ஆக்ஸிலரேட்டர் பெடலில் கேபிள் கிடையாது, சென்சார்தான். இவற்றையெல்லாம் கணக்குப் போட்டு, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை இசியூ திறக்கிறது.

இந்தச் சென்சார்களில் பெரும்பாலானவை 5 வோல்ட்டில் வேலை செய்பவை. பெடலை மிதிக்காதபோது வரும் சிக்னல் முக்கால் வோல்ட் அளவுதான். அந்த இடத்தில் ஒரு கெட்ட எர்த் கால் வோல்ட்டைத் தின்றுவிட்டால் இசியூவுக்குக் கணக்கே தப்பிவிடும். ஹெட்லைட்டுக்கு இதே கால் வோல்ட் குறைந்தால் நம் கண்ணுக்குத் தெரியக்கூடத் தெரியாது. லைட் நன்றாக எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, அதனால் வயரிங் சரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பது இதனால்தான்.

வேண்டிய சாமான்

நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர். வயர் வைத்துச் சால்டர் செய்த 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்று. கப்ளரின் பின்பக்கமாக வயரை ஒட்டி நுழைக்க மெல்லிய ஊசி முனைகள். காண்டாக்ட் கிளீனர், வயர் முனையை நசுக்கி இறுக்கும் கிரிம்பிங் பிளையர், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். உங்கள் வண்டி மாடலுக்கான வயரிங் டயகிராம்; இது இல்லாமல் இறங்கினால் நேரம்தான் வீண். ஸ்கேனர் இருந்தால் நல்லது. போனில் பார்க்கும் சின்ன புளூடூத் ஸ்கேனர் பொதுவான கோடுகளை, அதாவது இசியூ பதிந்துவைக்கும் கோளாறு எண்களைக் காட்டும். ஆனால் பழைய வண்டிகள் சிலவற்றின் இசியூவோடு அதனால் பேசவே முடியாது. அப்படி ஆனால் இசியூ செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

கை வைக்கும் முன்

சாவியை அணைத்த உடனே பேட்டரியைக் கழற்ற வேண்டாம். இசியூ தன் மெயின் ரிலேயை (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) சில நொடிகள் பிடித்து வைத்திருந்து தகவல்களைச் சேமிக்கும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலை ஒருபோதும் எடுக்கக் கூடாது. ஆல்டர்னேட்டரிலிருந்து (டைனமோ) கிளம்பும் வோல்டேஜ் பாய்ச்சலைத் தாங்கிக்கொள்ளப் பேட்டரி இல்லாமல் போனால் அடி இசியூவில் விழும். டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க அந்தக் காலத்தில் டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பார்கள். காமன் ரெயில் வண்டியில் அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

இன்ஜெக்டர் வயரில் 12 வோல்ட் அல்ல, 50 வோல்ட்டுக்கு மேல் வரும். ஓடும்போது அதைத் தொடவோ கழற்றவோ கூடாது. டீசல் உயரழுத்தக் குழாயை ஓடும் என்ஜினில் லூஸ் செய்து பார்ப்பது உயிருக்கு ஆபத்து. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தமுள்ள டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இன்னொன்று, நம் ஊருக்கு மிக முக்கியம்: வயரைக் குத்திப் பார்க்காதீர்கள். இன்சுலேஷனில் ஊசி போட்ட துளை வழியாக உப்பு ஈரம் உள்ளே போகும். இன்றைக்குக் கோளாறு கிடைத்துவிடும். அடுத்த மழையில் அதே வயர் அந்தத் துளையில் இற்றுப் போகும். எப்போதும் கப்ளரின் பின்பக்கமாகவே அளவு எடுங்கள்.

படி 1: கேள்வி கேளுங்கள்

எப்போது வருகிறது கோளாறு? மழை பெய்த மறுநாளா, வாட்டர் சர்வீஸ் செய்த பிறகா, என்ஜின் சூடான பிறகா, குழியில் இறங்கினால் மட்டுமா, ஃபிரிட்ஜ் ஓடும்போதா? சூடானால் நின்று, ஆறினால் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் கிராங்க் சென்சாரை முதலில் சந்தேகப்படலாம். குழியில் வெட்டினால் கப்ளர் அல்லது உரசிய வயர். சர்வீஸ் ஸ்டேஷனில் பிரஷர் தண்ணீர் அடித்த அன்றே வந்தால் தண்ணீர் போன இடத்தைத் தேடுங்கள். டிரைவருக்குத் தெரிந்த இந்தத் தகவல் ஸ்கேனரில் வராது. பொறுமையாகக் கேட்டு வாங்கிக்கொள்வது பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 2: பேட்டரி

ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்கும் கீழே போனால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் இசியூ விழித்து விழித்துத் தூங்கும், என்ஜின் பிடிக்காது. ஓடும்போது சார்ஜிங் 13.8 முதல் 14.4க்குள் இருக்க வேண்டும். இந்த அளவுகள் சரியில்லாமல் அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை. பலவீனமான பேட்டரியே சம்பந்தமில்லாத கோடுகளை வரிசையாகக் கிளப்பிவிடும்.

படி 3: எர்த்

இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள். கடலோர வண்டியில் கோளாறு அதிகம் கிடைப்பது இங்கேதான்.

எர்த்தை ஓம் அளவில் பார்ப்பது ஏமாற்றும். நூலளவு கம்பி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பூஜ்யம் காட்டும். கரண்ட் ஓடும்போது எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்பதைத்தான் அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் போஸ்டில். கிளாம்பில் அல்ல, ஈயப் போஸ்டிலேயே. மறு முனை என்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இரும்பில். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 0.5ஐத் தாண்டினால் என்ஜின் எர்த் கெட்டிருக்கிறது. அதே மாதிரி நெகட்டிவ் போஸ்டிலிருந்து பாடிக்கும் சேஸிக்கும் பாருங்கள். கடைசியாக, என்ஜின் ஓடும்போது இசியூ கப்ளரில் எர்த் பின்னின் பின்பக்கம்: அங்கே 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

முட்டம் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது. "அண்ணாச்சி, செல்ஃப் நல்லாத்தான் சுத்துது, பிடிக்க மாட்டேங்குது. ரெண்டு சென்சார் மாத்தியாச்சு" என்றார் டிரைவர். "எர்த் யாராவது பாத்தாங்களா தம்பி?" என்று கேட்டேன். "வெளிய நல்லாத்தானே இருக்கு" என்றார். உண்மைதான். பேட்டரி ட்ரேக்குக் கீழே சேஸியில் இருந்த அந்த போல்ட் இறுக்கமாக, கறுப்புப் பெயின்ட்டோடு அழகாகத்தான் இருந்தது. கழற்றினால் லக்கின் (வயர் முனையிலுள்ள வளையம்) அடியில் வெள்ளை கலந்த பழுப்புத் தூள். சேஸி இரும்பு தட்டுத் தட்டாகப் பொரிந்திருந்தது. லக்கின் கழுத்தில் ஸ்லீவை அறுத்தபோது கம்பி பச்சைப் பொடியாக உதிர்ந்தது. செல்ஃப் அடிக்கும்போது அந்த ஒரு மூட்டிலேயே ஒரு வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட வீணாகிக்கொண்டிருந்தது. முன்பு வேலை பார்த்தவர்கள் கழற்றி மாற்றிய இரண்டு சென்சாரும் நல்ல சென்சார்கள்தான்.

எர்த் கெட்டால் கோளாறு அதோடு நிற்காது. செல்ஃப் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரண்ட் வேறு வழி தேடும். கியர் கேபிள் வழியாகவும் இசியூவின் மெல்லிய எர்த் வயர் வழியாகவும் திரும்பப் பார்க்கும். கியர் கேபிள் காரணமில்லாமல் சூடானால் அது நேரடிச் சாட்சி.

சரிசெய்யும் முறை: போல்ட்டைக் கழற்றி இரும்பை வெள்ளையாகும்வரை தேயுங்கள். புது செம்பு லக் கிரிம்ப் செய்து, பசை ஸ்லீவ் போட்டு, பல் வாஷரோடு இறுக்குங்கள். கிரீஸோ பெயின்ட்டோ இறுக்கிய பிறகு மேலே பூச வேண்டும், இடையில் அல்ல. என்ஜினிலிருந்து சேஸிக்குப் போகும் பின்னல் ஸ்ட்ராப் பழையதாக இருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

படி 4: இசியூவுக்குக் கரண்ட் வருகிறதா

இசியூவுக்குப் பொதுவாக மூன்று வழியில் கரண்ட் வரும்: பேட்டரியிலிருந்து நேராக, சாவி வழியாக, மெயின் ரிலே வழியாக. சாவி போட்டதும் ரிலே 'டக்' என்று பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ரிலே சாக்கெட்டில் அளவு எடுங்கள். ஃபியூஸைக் கண்ணால் பார்த்துவிட்டு விடக் கூடாது. அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளியிலும் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

21 வாட் பல்ப் இங்கேதான் பயன்படும். இசியூ கப்ளரைக் கழற்றிவிட்டு, பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையில் பல்பைப் போடுங்கள். பல்ப் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் வயர் சுமை தாங்குகிறது. மீட்டரில் 12 வோல்ட் காட்டிவிட்டுப் பல்ப் மங்கினால், வழியில் எங்கோ களிம்பு. இந்தப் பல்பை பவர் வயரில் மட்டும் போடுங்கள். சென்சார் வயரிலோ இசியூவின் சிக்னல் பின்னிலோ போட்டால் நீங்களே இசியூவைக் கொன்றுவிடுவீர்கள். பின் துளைக்குள் தடிமனான முனையைச் செருகி அதை விரிய வைக்கவும் கூடாது.

ஃபியூஸ் பாக்ஸின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். மேலே சுத்தமாக இருந்து அடியில் பச்சை பூத்த பாக்ஸ்கள் கடலோர வண்டிகளில் சாதாரணம்.

படி 5: ஸ்கேனரை எப்படிப் படிப்பது

கோடு சொல்வது சர்க்யூட்டை, பொருளை அல்ல. பி0335 வந்தால் "கிராங்க் சென்சாரை மாற்று" என்று அர்த்தமில்லை, கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். சென்சார், கப்ளர், வயர், இசியூ பின் எல்லாம் அதில் அடங்கும். பி0340 கேம் சென்சார் சர்க்யூட். பி0562 வோல்டேஜ் குறைவு. இது இருந்தால் 2, 3ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள். பி0642, பி0652 இரண்டும் 5 வோல்ட் சப்ளை குறைவு. பி2138 பெடலின் இரண்டு சிக்னலும் ஒத்துப்போகவில்லை. யு0100 இசியூவோடு பேச்சு அறுந்தது.

எல்லாக் கோடுகளையும் எழுதி வைத்துக்கொண்டு அழியுங்கள். வண்டியை ஓட்டிப் பாருங்கள். முதலில் திரும்பி வருவதுதான் விஷயமுள்ள கோடு. ஒரே நேரத்தில் நாலைந்து சென்சார் கெட்டதாகக் காட்டினால், நாலைந்தும் கெட்டிருக்காது. அவை சேர்ந்து பயன்படுத்தும் எர்த், 5 வோல்ட், அல்லது கப்ளர் ஒன்றுதான் கெட்டிருக்கும்.

செல்ஃப் அடிக்கும்போது லைவ் டேட்டாவில் இரண்டு எண்ணைப் பாருங்கள். ஆர்பிஎம் 150, 200 என்று வர வேண்டும். செல்ஃப் சுற்றியும் பூஜ்யமாகவே இருந்தால் கிராங்க் சிக்னல் இசியூவைச் சேரவில்லை. ரெயில் பிரஷர் சுமார் 200 பாரைத் தாண்ட வேண்டும். ஆர்பிஎம் வந்து பிரஷர் ஏறாவிட்டால் வயரை விட்டுவிட்டு டீசல் ஃபில்டர், காற்று இழுப்பு, இன்ஜெக்டர் ரிட்டர்ன் பக்கம் போங்கள். பி0087 பெரும்பாலும் டீசல் பக்கத்துக் கோளாறுதான்.

படி 6: 5 வோல்ட்

ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்ளும். அதில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும், அதன் வயர் எங்காவது எர்த்தில் உரசினாலும், எல்லாம் ஒன்றாகப் படுத்துவிடும். சாவி போட்டு ஒரு சென்சார் கப்ளரில் 5 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மீட்டரை அப்படியே விட்டு, மற்றச் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் வராவிட்டால் பெரும்பாலும் வயர் உரசல்.

படி 7: பேச்சு வயர்கள்

ஸ்கேனர் இசியூவைப் பிடிக்கவே இல்லை என்றால், டயக்னாஸ்டிக் சாக்கெட்டைப் பாருங்கள். 16 பின் சாக்கெட்டில் 16ஆம் பின்னில் பேட்டரி வோல்ட், 4, 5ஆம் பின்களில் எர்த். கேன் (இசியூ பேசும் இரண்டு வயர் பாதை) உள்ள வண்டியில் பேட்டரியைக் கழற்றிவிட்டு 6க்கும் 14க்கும் இடையில் ஓம் பாருங்கள்: 60 வந்தால் சரி, 120 வந்தால் ஒரு பக்க முனையோ வயரோ அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்கு அருகில் என்றால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஒற்றை வயரில் பேசும் பழைய கே லைன் வண்டியில் 7ஆம் பின்தான் பேசும். சாவி போட்டால் அங்கே பேட்டரி வோல்ட்டுக்கு அருகில் வர வேண்டும்.

படி 8: சென்சார்கள்

இரண்டு வயர் கிராங்க் சென்சாருக்கு ஓம் அளவு சில நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை இருக்கும். குளிர்ந்திருக்கும்போது சரியாகக் காட்டி, சூட்டில் அறுந்துபோகும்; அதனால் கோளாறு வந்த நிலையிலேயே, சூடாகவே அளக்க வேண்டும். மூன்று வயர் உள்ளதை ஓம் பார்த்து முடிவு செய்ய முடியாது. சப்ளை, எர்த், செல்ஃப் அடிக்கும்போது மாறும் சிக்னல், மூன்றையும் பாருங்கள். கிராங்க் வயர் பல வண்டிகளில் கியர் பெட்டிக்கு மேலே பிராக்கெட்டில் உரசும். கையை விட்டுத் தடவினால் தேய்ந்த இடம் தட்டுப்படும்.

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைப் பரிசோதிப்பது சுலபம். பல வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் வரும். ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே கப்ளரைக் கழற்றுங்கள். மைனஸ் 40 காட்டும். அந்த இரண்டு வயரையும் ஒன்றோடொன்று தொட்டால் மிக அதிகச் சூடு காட்டும். இரண்டும் நடந்தால் வயரும் இசியூவும் சரி, சென்சார்தான் கெட்டது. சில இசியூக்கள் உடனே ஒரு மாற்று எண்ணைப் போட்டுவிடும், அதனால் கழற்றிய அந்த நொடியிலேயே பாருங்கள். இதே யுக்தி இரண்டு வயர் வெப்பச் சென்சார் எதற்கும் பொருந்தும்.

ரெயில் பிரஷர் சென்சார் என்ஜின் நின்றிருக்கும்போது சுமார் 0.5 வோல்ட் தர வேண்டும்.

பெடல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெடலுக்குள் இரண்டு சென்சார். பல அமைப்புகளில் ஒன்றின் வோல்ட் மற்றதன் பாதி. மிதிக்காதபோது 0.75, 0.37 என்று இருந்து, மிதிக்க மிதிக்க அதே விகிதத்தில் ஏறும். விகிதம் தப்பினால் இசியூ நம்ப மறுத்து, என்ஜினைச் சற்று உயர்ந்த ஐடிலில் நிறுத்திவிடும்; மிதித்தாலும் ஏறாது. முன்பு டூரிஸ்ட் வண்டியாக ஓடிய வேன்களில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: ஸ்பீடு கவர்னர். பின்னால் பொருத்தப்பட்ட எலக்ட்ரானிக் கவர்னர்கள் பெடலுக்கும் இசியூவுக்கும் நடுவில் சிக்னல் வயரை வெட்டித்தான் இணைக்கப்படுகின்றன. அந்த மூட்டுகள் டாஷ்போர்டுக்கு அடியில், டேப்புக்குள் கிடக்கும். டேப்பை அவிழ்த்தால் பசை உருகி, முறுக்கிய கம்பி கறுத்திருப்பதைப் பார்க்கலாம். பெடல் அசெம்ப்ளி வாங்கும் முன் அந்த மூட்டுகளை முறையாகக் கிரிம்ப் செய்து பாருங்கள். போக்குவரத்து வாகனமாகப் பதிவாகியிருக்கும் வண்டியில் கவர்னரைக் கழற்றி எறிவது சட்டப்படி தவறு. மூட்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

படி 9: ஒளிந்திருக்கும் கோளாறு

வந்து வந்து போகும் கோளாறுக்கு என்ஜினை ஐடிலில் விட்டு, வயர் கட்டை ஒரு முனையிலிருந்து சாண் சாணாக மெல்ல அசைத்துக்கொண்டே வாருங்கள். கப்ளர்களை லேசாக இழுத்துப் பாருங்கள். எங்கே அசைத்தால் என்ஜின் தடுமாறுகிறதோ அங்கே அவிழுங்கள். மழையில் மட்டும் வரும் கோளாறுக்கு, செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரேயரில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு பகுதியாக நனைத்துப் பார்க்கலாம். பிரஷர் ஹோஸ் வேண்டாம்.

எலி கடித்திருக்கிறதா என்று பார்க்க வயர் கட்டின் மேல்பக்கம் போதாது. என்ஜினுக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையில், இன்டேக் பைப்புக்கு அடியில் டார்ச் அடியுங்கள். எலிப் புழுக்கையும் தேங்காய் நாரும் கிடந்தால் அந்த இடத்து வயரை அவிழ்த்தே ஆக வேண்டும்.

படி 10: கேரவனுக்காகச் சேர்த்த வயரிங்

வண்டியின் சொந்த வயரிங்கை விட இது கூடுதல் ஆபத்து. கேரவனின் எந்தப் பொருளும் என்ஜின் வயரிங்கிலிருந்து கரண்ட் எடுக்கக் கூடாது. எந்தப் பொருளின் எர்த்தும் இசியூ எர்த் போல்ட்டில் சேரக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

இரண்டாவது பேட்டரி வையுங்கள். அதை முதல் பேட்டரியோடு சும்மா இணைத்துவிட்டால், இரவெல்லாம் ஃபேன் ஓடி இரண்டும் காலி. காலையில் குறைந்த வோல்ட்டில் செல்ஃப் அடித்து இசியூ குழம்பும். நடுவில் வோல்டேஜ் பார்த்து இணைக்கும் ரிலே போடுங்கள், சார்ஜ் 13.3 பக்கம் ஏறியதும் சேர்த்து, 12.8 பக்கம் இறங்கியதும் பிரித்துவிடும் வகை. இரண்டு பேட்டரியின் பாசிட்டிவிலும், பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். அது இல்லாத நீள வயர் எங்காவது உரசினால் வண்டியே எரிந்துவிடும். குடும்பத்தோடு படுத்துத் தூங்கும் வண்டி இது.

வயர் தடிமனைக் கணக்குப் போட்டே வாங்குங்கள். 5 ஆம்பியர் இழுக்கும் ஃபிரிட்ஜ் பேட்டரியிலிருந்து 6 மீட்டர் தூரத்தில் இருந்தால், போக வர 12 மீட்டர் வயர். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.7 வோல்ட் வீணாகும். ஃபிரிட்ஜ் அடிக்கடி கட்டாகும். 4 சதுர மில்லிமீட்டரில் கால் வோல்ட்தான். 1,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்து, 25 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத கேபிள் போடுங்கள்.

வெல்டிங் வைக்கும்போது பலரும் கோட்டை விடுகிறார்கள். கட்டிலுக்கு ஃபிரேம், மேலே கேரியர் என்று ஆர்க் வெல்டிங் செய்வதற்கு முன் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும், இசியூ கப்ளரையும் கழற்றுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்பை வெல்ட் வைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போடச் சொல்லுங்கள். உண்மையாகவே இசியூ சாகும் வழிகளில் இது ஒன்று.

நிறுத்திவைத்த வண்டியில் பேட்டரி இறங்கினால், எல்லாம் அணைந்து அரை மணி நேரம் கழித்து எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அளங்கள். 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடினால் முதலில் பார்க்க வேண்டியவை ஜிபிஎஸ் டிராக்கரும் மியூசிக் சிஸ்டமும்.

படி 11: வயரை ஒட்டுவது

கெட்ட வயரைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த கம்பியில் கிரிம்பும் நிற்காது, சால்டரும் ஒட்டாது. அதே தடிமன் புது வயர், கிரிம்ப், பசை ஸ்லீவ். வெறும் டேப் நம் வெயிலில் உருகி, மழையில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கட்டில் பல வயர் அறுந்திருந்தால் மூட்டுகளை ஒரே இடத்தில் வைக்காமல் தள்ளித் தள்ளி வையுங்கள். கிராங்க் சென்சாரின் கவச வயரை ஒட்டும்போது கவசத்தையும் சேர்த்து ஒட்ட வேண்டும்.

கப்ளர் பின்களை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பூச்சு போய்விடும், அப்புறம் துரு இன்னும் வேகமாக வரும். காண்டாக்ட் கிளீனர், மெல்லிய நைலான் பிரஷ், காயவிட்டு ரப்பர் சீலில் சிலிகான் கிரீஸ். சீல் கிழிந்திருந்தால் கப்ளரை மாற்றுங்கள். வயர் கப்ளருக்குள் நுழையும் முன் கீழே தொங்கி மேலே ஏறும்படி கட்டுங்கள். வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், கப்ளருக்குள் போகாது.

இசியூவை எப்போது சந்தேகிப்பது

பவர், எர்த் இரண்டும் பல்ப் போட்டுப் பார்த்துச் சரி; எல்லாச் சென்சாரையும் கழற்றியும் 5 வோல்ட் இல்லை, வயரிலும் உரசல் இல்லை; அல்லது பெட்டிக்குள்ளேயே தண்ணீர் போய்ப் பின்கள் பச்சை பூத்திருக்கின்றன. அப்போதுதான். அப்போதும் முதலில் பழைய இசியூவையே பழுது பார்க்க முடியுமா என்று பாருங்கள். வேறு வண்டியின் இசியூவை வாங்கி மாட்டினால் இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்பு) சேராமல் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். பல வண்டிகளில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடையாள எண்ணையும் மறுபடி ஏற்ற வேண்டும். இசியூ கெட்டதற்கான காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

மழைக்கு முன்

மே மாதக் கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் ஒருமுறை எர்த் போல்ட்டுகளைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் சீலைப் பாருங்கள். கண்ணாடிக்குக் கீழே இலை அடைத்த வடிகாலைச் சுத்தம் செய்யுங்கள், அங்கே தேங்கும் தண்ணீர்தான் டாஷ்போர்டுக்குள் இறங்குகிறது. கடற்கரையில் தங்கி வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில், அழுத்தமில்லாமல் கழுவுங்கள். சும்மா நிற்கும் வண்டியை வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பார்வதிபுரம் வரையாவது ஓட்டி, நன்றாகச் சூடாக்கிக் கொண்டுவந்து விடுங்கள். ஈரமும் காயும், எலியும் குடியேறாது. நீங்கள் சேர்த்த ஒவ்வொரு வயரும் எங்கிருந்து எங்கே போகிறது, என்ன நிறம், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்குள் ஒட்டுங்கள். கொடைக்கானல் ஏற்றத்தில் இரவில் வண்டி நின்றால், அந்த ஊர் எலக்ட்ரீஷியன் முதலில் கேட்பது அதைத்தான்.